எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், எந்தக் கடை என்று சொல்கிறேன்

தம்பியின் மகள் கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். “மாமி, அடுத்த கிழமை பிள்ளைகளோட ட்ரிங்கோவுக்கு வாறம். சாப்பிட நல்ல கடை எது?” என்று கேட்டாள். “எத்தனை மணிக்கு?” என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. “மணி எதுக்கு மாமி, கடையின்ட பேரைச் சொல்லுங்கோவன்” என்றாள்.

பேரைச் சொல்லி என்ன பயன்? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடை இருக்கிறது. விடிய ஏழு மணிக்கு அங்கே இடியப்பமும் சொதியும் சாப்பிட்டால் கையை நக்கத் தோன்றும். அதே கடையில் அதே மேசையில் பின்னேரம் மூன்று மணிக்கு உட்கார்ந்தால், என் எதிரிக்கும் அந்தச் சோறு வேண்டாம். எங்கள் ஊர்க் கடைகளுக்கு நேரம் உண்டு. கொழும்பில் தலைமை வைத்து ஊர் ஊராகக் கிளை போட்டிருக்கும் கடைகளுக்கு நேரம் கிடையாது, எப்போது போனாலும் ஒன்றுதான். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் திருகோணமலையில் காசு வீணாகாமல், வயிறும் கெடாமல் சாப்பிட்டுவிடலாம். அவளுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. உவர்மலையில் வீடு. 19 வருசமாக இடியப்பம் அவித்து மூன்று கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஒன்று சைவக் கடை, ஒன்று முஸ்லிம் ஹோட்டல், ஒன்று தேத்தண்ணிக் கடை. ஒரு இடியப்பம் 10 ரூபாய்க்குக் கொடுத்தால் கடைக்காரர் 15க்கு விற்பார். ஊர்க்கடை ஓடினால்தான் என் அடுப்பு எரியும், அதனால் என் பக்கச்சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள். ஆனால் என் மூத்தவன் கொழும்பில் ஒரு பெரிய கோழிப்பொரியல் கிளைக்கடையின் குசினியில்தான் நாலு வருசமாக வேலை செய்கிறான். இரண்டு அடுப்படியின் கதையும் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. தனிக்கடை என்றால் ஊர்க்கடை, பெயர் பழகியிருந்தால் கிளைக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். ‘பவன்’, ‘விலாஸ்’ என்று முடிகிற சைவக் கடைகள் தமிழ் ஆட்கள் இருக்கிற ஊரெல்லாம் இருக்கும், எல்லாவற்றுக்கும் முதலாளி ஒருவர் என்று நினைத்தால் ஏமாந்துவிடுவீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பவனில் நல்ல தோசை சாப்பிட்டேன், அதனால் இங்கேயும் பவனுக்குப் போனேன் என்று ஒருவர் என்னிடம் முறைப்பாடு சொன்னார். நான் என்ன செய்ய?

ஏன் நேரம்

மூத்தவன் சொல்வான், அவர்களுக்குக் கோழி லொறியில் குளிரூட்டி வரும், துண்டு துண்டாக, அளவாக வெட்டி. எந்தத் துண்டை எவ்வளவு நேரம் எண்ணெயில் விடுவது என்பதை மணி அடித்துச் சொல்லும், அவன் நாக்கு வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. பொரித்தது சூட்டுப் பெட்டிக்குள் போகும். குறித்த நேரம் தாண்டினால் விற்காமல் எறிய வேண்டும். “அம்மா, எறியிறதையும் எழுதி வைக்கோணும்” என்று முதல் மாதம் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. எங்கள் கடைகளில் எறிகிற வழக்கம் இல்லை, இன்னொன்றாக மாற்றுகிற வழக்கம்தான் உண்டு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, சிக்கனம் தெரிந்த சமையல் எல்லாம் அப்படித்தான். ஆனால் சாப்பிடுகிற நீங்கள் அது மாற்றப்படுவதற்கு முன்னே போய்விட வேண்டும்.

ஊர்க்கடை ஒரு நாளைக்கு மூன்று தரம் உயிர்பெறும்: விடிய, மதியம், இரவு. இடைப்பட்ட நேரங்களில் சட்டியில் இருப்பது மிச்சம்.

விடிய

ஆறிலிருந்து எட்டரை வரை ஊர்க்கடைதான், கேள்வியே இல்லை. அந்த நேரத்துக்குக் கிளைக்கடை ஷட்டரைத் தூக்கியிருக்காது. நான் மூன்றரைக்கு எழும்பினால்தான் ஐந்தேமுக்காலுக்கு முதல் பெட்டி ஓட்டோவில் ஏறும். அது கடைக்குப் போய் அரை மணித்தியாலத்துக்குள் உங்கள் கோப்பைக்கு வரும்.

இடியப்பம் புதுசா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன், இதை யாரும் சொல்லமாட்டார்கள். ஒன்றை எடுத்து ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்குங்கள். புதுசு என்றால் நடுப்பகுதி தளர்ந்து தொங்கும், இழைகள் ஒன்றையொன்று விட்டு நிற்கும். ஓரம் சீலை விறைத்த மாதிரி நிமிர்ந்து நின்றால் அது காற்றுப் பட்டுக் காய்ந்தது, காலையில் அவித்து ஒன்பது மணியைத் தாண்டியது. தூக்கும்போது வட்டமாக, மினுங்கிக்கொண்டு, தட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால் அது இரண்டாந்தரம் ஆவியில் வைத்தது. அடியில் தொட்டுப் பாருங்கள், ஈரம் பிசுபிசுக்கும். இரவில் சில கடைகள் காலையில் மிஞ்சியதை இப்படித்தான் எழுப்பும். என் இடியப்பத்தையே அப்படி எழுப்பி எனக்கே வைத்தார்கள் ஒருநாள். என் உரலின் இழை எனக்குத் தெரியாதா?

சொதிக்கும் கண் வேண்டும். தேங்காய்ப்பாற் சொதி நம் வெக்கைக்கு மூன்று நாலு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. மேலே எண்ணெய் சின்னச் சின்ன வட்டமாகப் பிரிந்து, கீழே பால் தண்ணீராகத் தெரிந்தால் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்த சொதி. கெட்டது என்று சொல்லமுடியாது, ஆனால் அதற்குப் பதிலாகப் பருப்பைக் கேளுங்கள். சம்பல் கோப்பையின் அடியில் தண்ணீர் விட்டிருந்தால் அதையும் தொடவேண்டாம்.

வாளியோடு வந்து சொதி ஊற்றுகிற பெடியனிடம் “தம்பி, கொஞ்சம் சுடச் சுட இருக்கோ?” என்று கேட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. அண்ணை, அக்கா, தம்பி என்று கூப்பிடுங்கள். முஸ்லிம் ஹோட்டல் என்றால் முதலாளியை நானா என்று கூப்பிட்டால் போதும். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்களுக்குச் சொதி வாளியின் அடியிலிருந்துதான் வரும்.

அந்தத் தட்டு

பத்து மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் தேத்தண்ணி குடிக்கப் போவீர்கள். நீங்கள் கேட்காமலே ஒரு தட்டில் றோல், கட்லட், பற்றிஸ், வடை என்று பத்துச் சாமான் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். சாப்பிட்டதற்கு மட்டும் காசு. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எல்லாமே தங்களுக்கு என்று நினைத்து மலைத்துப் போவார்கள், அல்லது இலவசம் என்று நினைத்து முடித்துவிடுவார்கள். இரண்டும் நடந்திருக்கிறது.

தட்டில் மிஞ்சியது என்ன ஆகும்? அடுத்த மேசைக்குப் போகும். உங்களுக்கு முன்னே எத்தனை மேசையைச் சுற்றி வந்தது, எத்தனை விரல் அழுத்திப் பார்த்தது என்பது தட்டுக்குத்தான் வெளிச்சம். அதனால் தட்டு வரும்போதே “தட்டு வேண்டாம் தம்பி, கண்ணாடிப் பெட்டிக்குள்ள சூடா இருக்கிறதில ரெண்டு றோல் கொண்டுவாங்கோ” என்று சொல்லுங்கள். யாரும் கோபிப்பதில்லை. வடை என்றால் தாச்சியைப் பாருங்கள். எண்ணெய் தேத்தண்ணி நிறத்துக்கு வந்து, வடை போட்டதும் நுரை பொங்கி அடங்காமல் நின்றால் வெறும் தேத்தண்ணியோடு எழும்பிவிடலாம்.

இந்த ஒரு விசயத்தில் கிளை போட்ட பேக்கரிகள் எங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. இடுக்கியால் எடுத்து, கடதாசியில் சுற்றி, விலை எழுதி ஒட்டி வைத்திருக்கும். கொழும்பில் பெரேரா அன்ட் சன்ஸ் 1902 முதல் இருக்கிற பெயர், கேஎப்சியும் பிட்சா ஹட்டும் வந்தது 90களில்தான். அந்த வருசங்களில் எங்களுக்கு இரவு ஏழு மணிக்கு ஒரு கடை திறந்திருந்தாலே பெரிய விசயம்.

மதியச் சோறு

இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும், திருகோணமலையின் சமையல் இங்கேதான் இருக்கிறது.

பன்னிரண்டிலிருந்து ஒன்றேகால். அதற்குள் உட்கார்ந்துவிடுங்கள். கிழக்கு மாகாண சபை அலுவலகங்கள், கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம், வங்கிகள் எல்லாம் இங்கே இருப்பதால் வேலைநாட்களில் சோற்றுக்கடைகளுக்குப் பெரிய கூட்டம். கூட்டம் உங்களுக்கு நல்லது, சட்டி வேகமாகக் காலியாகும், காலியாவது மறுபடி நிரம்பும். சனி, ஞாயிறில் அந்தக் கூட்டம் இல்லை, அதே கடை குறைவாகத்தான் சமைக்கும். அன்றைக்கு வாற ஆட்கள் பன்னிரண்டுக்கே போய்விட வேண்டும்.

ஓட்டோக்காரர் சாப்பிடுகிற கடைக்குப் போ என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஓட்டோக்காரர் ஓட்டோ நிறுத்த இடம் இருக்கிற கடையில் சாப்பிடுவார். நான் பார்ப்பது வங்கியில் வேலை செய்கிற பெண்பிள்ளைகள் எந்தக் கடையில் பார்சல் எடுக்கிறார்கள் என்பதை. அவர்களுக்கு வீட்டுச் சமையல் தெரியும், ஒரு நாள் வயிறு கெட்டால் லீவு போட வேண்டும், அடுத்த நாள் அந்தக் கடைப் பக்கம் திரும்பமாட்டார்கள்.

சோறும் கறியும் எடுத்தால் மரக்கறி மூன்றோ நாலோ வரும், பருப்பு, சொதி, அப்பளம், மிளகாய்ப் பொரியல். சோறும் மரக்கறியும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், அநேகமான கடைகளில் அதற்கு மேல் காசு இல்லை. மீனும் இறைச்சியும் துண்டுக் கணக்கு. “மீன் துண்டு எவ்வளவு?” என்று உட்காரும்போதே கேட்டுவிடுங்கள், எழும்பும்போது கேட்டால் சண்டை. பார்சல் எடுத்தால் சோறு கூடுதலாக வரும், ஏன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை, ஆனால் எல்லாக் கடையிலும் அப்படித்தான். இரண்டு பேர் ஒரு பார்சலும் ஒரு துண்டு மீனும் எடுத்துப் பகிர்ந்துகொள்ளலாம். பதினொரு மணிக்கு முன்னே சொல்லி வைத்தால் முதல் சட்டியிலிருந்து கட்டித் தருவார்கள்.

பார்சலை எடுத்துக்கொண்டு கோணேசர் கோயிலடிக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். கோட்டைக்குள் நிற்கும் மான்கள் பார்சல் சுற்றி வருகிற லஞ்ச் சீட்டை உப்புக்காக நக்கும், பிறகு விழுங்கிவிடும். பொலித்தீன் லஞ்ச் சீட் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை, இப்போது வருவது மக்கும் வகை என்று சொல்கிறார்கள், மானின் வயிற்றுக்கு அதுவும் ஒன்றுதான். சுருட்டிப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

மீனுக்கு வருவோம். கிளைக்கடையில் கோழிதான் ராசா, மீன் என்பது மாவுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு வெள்ளைத் துண்டு. எங்கள் கடையில் மீனுக்குப் பெயர் இருக்கும். “என்ன மீன்?” என்று கேளுங்கள். “பாரை”, “சூரை”, “விளைமீன்”, “அறக்குளா” என்று பட்டென்று பதில் வந்தால் விடியச் சந்தைக்குப் போன ஆள் குசினியில் இருக்கிறார். “மீன்தான்” என்று பதில் வந்தால் கத்தரிக்காய்க் கறி நல்லது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கக் கடல் அமைதி, மீன் மலிவு. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் குறைவாகத்தான் இறங்கும். அந்த மாதங்களில் ‘இன்றைக்குப் பிடித்த மீன்’ என்று போர்டு போட்டிருந்தால் இரண்டு தரம் யோசியுங்கள், கருவாட்டுக் குழம்போ முட்டையோ எடுங்கள்.

கிழமைக் கணக்கும் உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மாவுக்காக முஸ்லிம் கடைகள் பூட்டிவிடும், ஒன்றரைக்குப் பிறகுதான் திறக்கும். அன்றைக்குச் சைவக் கடைகளில் கூட்டம் இரட்டிப்பு, மரக்கறி வகையும் கூடுதல். வெள்ளிக்கிழமை சைவக் கடைச் சாப்பாட்டுக்கு நான் என் சமையலையே விட்டுவிட்டுப் போவேன். நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஹோட்டல்கள் பகலில் இராது, ஆனால் நோன்பு திறக்கிற நேரம் அந்தக் கடைகளின் முன்னால் நின்று பாருங்கள், கஞ்சி, சமோசா வாசம் றோட்டு வரைக்கும் வரும். போயா என்கிற பௌர்ணமி நாளில் இறைச்சிக்கடைகள் பூட்டு. ஆகவே அன்று கோப்பையில் விழுகிற இறைச்சி முதல் நாளையது. மீனோ மரக்கறியோ எடுப்பதுதான் புத்தி. சைவக் கடைக்குள் போய் ‘இறைச்சி இல்லையா’ என்று கேட்காதீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் கேட்கிறார்கள்.

தயிர் கேட்க மறக்காதீர்கள். கிண்ணியா, தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர், மண்சட்டியில். கரண்டியைக் குத்தினால் நிற்க வேண்டும். கித்துள் பாணி ஊற்றித் தருவார்கள். எந்தக் கிளைக்கடையின் ஐஸ்கிறீமும் இதற்குக் கிட்ட வராது. இதில் நான் பக்கச்சாய்வு என்று சொன்னாலும் பரவாயில்லை.

இரண்டரையிலிருந்து ஐந்து

இந்த நேரத்தில் கிளைக்கடைக்குப் போங்கள். இடியப்பக்காரி நானே சொல்கிறேன்.

மூன்று வருசத்துக்கு முன்னே ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்குப் பசியோடு ஒரு சோற்றுக்கடைக்குள் ஏறினேன். பேர் வேண்டாம், மதியத்தில் நல்ல கடைதான். சட்டியின் அடியில் சூரைக் குழம்பு கொஞ்சம் கிடந்தது. பெடியன் கரண்டியால் சுரண்டி வைத்தான். வாயில் வைத்ததும் நாக்கில் மிளகு கடித்த மாதிரி ஒரு சுணைப்பு வந்தது. குழம்பின் உறைப்பு என்று நினைத்து விழுங்கினேன். அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. சூரை மாதிரியான மீன் சூட்டில் கிடந்தால் அதில் ஒரு நஞ்சு ஊறும், பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது என்று டொக்டர் சொன்னார். வெறும் கெட்ட வாசம் வந்தால்தான் மீன் கெட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன். நாக்குச் சுணைத்தால் துப்பிவிடுங்கள், மரியாதை பார்க்க வேண்டாம்.

அந்த நேரத்துக்குக் கிளைக்கடையின் கோழித்துண்டு காலையில் எப்படியோ அப்படியே இருக்கும். ருசிக்காகப் போகவில்லை, நிச்சயத்துக்காகப் போகிறோம்.

இன்னும் சில வேளைகளிலும் அதுதான் சரி. சின்னப் பிள்ளைகள் உறைப்புச் சாப்பிடமாட்டார்கள். வயசானவர்களுக்குப் படி ஏற முடியாது, கழிப்பறை வேண்டும். ஊர்க்கடையில் கழிப்பறை எங்கே என்று ஒரு பெண் கேட்டால் வருகிற அமைதி இருக்கிறதே, அதை ஆண்கள் எழுதுகிற சாப்பாட்டுக் குறிப்புகளில் நீங்கள் பார்க்கமாட்டீர்கள். தேத்தண்ணிக் கடையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்தால் இன்றைக்கும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அந்தக் கடைக்கே சாமான் கொடுக்கிறவள், எனக்கே கூச்சம். பெரிய முஸ்லிம் ஹோட்டல்களில் குடும்பங்களுக்கு என்று உள்ளே ஒரு அறை அல்லது மாடி இருக்கும், “பமிலி றூம் இருக்கா நானா?” என்று கேட்டால் காட்டுவார்கள். அது இல்லாத இடத்தில், தனியே பிரயாணம் செய்கிற பெண்பிள்ளை குளிரூட்டிய கிளைக்கடையில் ஒரு மணித்தியாலம் நிம்மதியாகப் போன் சார்ஜ் போட்டுக்கொண்டு இருப்பதில் ஒரு பிழையும் இல்லை.

பில்லைப் படிப்பது

கிளைக்கடையில் நான் கற்றுக்கொண்ட பாடம் வயிற்றில் இல்லை, பேர்ஸில். மூத்தவன் லீவில் வந்தபோது எல்லோரையும் ஒரு பெரிய பெயர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மெனுவில் கூட்டிப் பார்த்து வைத்திருந்த கணக்கும் பில்லும் ஒத்துவரவில்லை. பிள்ளையின் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்குச் சாப்பிட்டது இறங்கவில்லை.

கணக்கு இப்படி. 2,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால், சேவைக் கட்டணம் 10 சதவீதம் என்று 200 ஏறும். பிறகு 2,200க்கு வற் என்கிற பெறுமதி சேர் வரி 18 சதவீதம், அது 396. மொத்தம் 2,596. வற் 2024 ஜனவரி 1 முதல் 18 ஆனது. சில இடங்களில் பலகையில் எழுதிய விலைக்குள்ளேயே எல்லாம் அடங்கியிருக்கும், சில இடங்களில் மெனுவின் அடியில் எறும்பு எழுத்தில் ‘வரிகள் தனி’ என்று இருக்கும். சாப்பாடு சொல்வதற்கு முன்னே “இதுதான் கடைசி விலையா?” என்று கேளுங்கள். வற் போட்ட பில்லில் அந்தக் கடையின் வற் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். பதியாத கடை வற் வாங்க முடியாது. எங்கள் சின்னக் கடைகளில் இந்தத் தலையிடி இல்லை, ஆனால் அங்கே வேறொரு தலையிடி: விலைப்பட்டியலே இராது. சுவரில் விலை போட வேண்டியது கடைக்காரரின் கடமை. இல்லாவிட்டால் வாய்விட்டுக் கேளுங்கள்.

தண்ணீர்ப் போத்தலுக்கும் கண் வையுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அரை லீற்றர் 70, ஒரு லீற்றர் 100, ஒன்றரை லீற்றர் 130 ரூபாய் என்று உச்ச விலை போட்டார்கள். பிறகு மாறியிருந்தாலும் போத்தலில் அச்சடித்திருப்பதற்கு மேல் யாரும் கேட்கக்கூடாது, பெரிய கடையோ சின்னக் கடையோ. கேட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் போன் அடிக்கலாம்.

இரவு

ஏழரைக்குப் பிறகு ஊர் மறுபடி ஊர்க்கடையின் கையில். கொத்து ரொட்டி. சத்தத்தை வைத்துக் கடையைத் தெரிவு செய்யாதீர்கள், எல்லோரும் நன்றாகத்தான் தட்டுகிறார்கள். கல்லுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். முட்டையை உங்கள் கண்முன்னே உடைக்கிறார்களா? கரட்டும் லீக்ஸும் அரிந்து வைத்த பேசின் மூடியிருக்கிறதா? முதல் நாள் ரொட்டியாக இருந்தாலும் கொத்துக்குப் பிழையில்லை, கொஞ்சம் காய்ந்த ரொட்டிதான் நன்றாக வெட்டுப்படும். பிரச்சினை மேலே ஊற்றுகிற ஆணத்தில், அதாவது குழம்பில். அதைத் தனிக் கிண்ணத்தில் தரச்சொல்லி முதலில் மணந்து பாருங்கள். ஒரு கொத்து இரண்டு பேருக்குக் காணும். டச் பே கடற்கரையில் வண்டிகளில் விற்கும் இறால் வடையும் மாங்காயும் பின்னேர விளையாட்டு, அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உப்புவெளி, நிலாவெளிக் கரையோரக் கடைகளைப் பற்றி இரண்டு வரி போதும். அவை கிளைக்கடைகள் இல்லை, ஆனால் ஊர்க்கடைகளும் இல்லை. பிட்சா, பாஸ்தா, பிரைட் றைஸ் என்று ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை வெளிநாட்டு ஆட்களுக்காகத் திறப்பவை. கூகிளில் நட்சத்திரம் குத்துகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே. சோறு கறி கேட்டால் அதற்குப் பிறகுதான் அரிசி களைவார்கள், ஒரு மணித்தியாலம் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஆறுதலாக இருப்பவர்களுக்கு அதுவும் சந்தோசம்தான்.

முறைப்பாடு

சுவரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கொடுத்த தரச் சான்றிதழ் மாட்டியிருந்தால் ‘ஏ’ யா ‘பி’ யா என்பதோடு நிற்காமல் வருசத்தையும் பாருங்கள். வெயிலில் மங்கிப்போன ‘ஏ’ ஐ விடக் கை கழுவுகிற இடத்தில் சவர்க்காரம் இருப்பது எனக்குப் பெரிது.

2022இல் எரிவாயு இல்லாமல் போனதே, 12.5 கிலோ சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபாய்க்கு ஏறியது, காசிருந்தாலும் கிடைக்கவில்லை. அந்த நேரம் நான் கொடுக்கிற மூன்று கடையும் விறகுக்கு மாறி, இரண்டு கறியைக் குறைத்து, மூடாமல் ஓடின. ஆனால் 2024 மார்ச்சில் மக்டொனால்ட்ஸ் இங்கிருந்த நிறுவனத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதும் நாட்டிலிருந்த அதன் 12 கடையும் ஒரே நேரத்தில் பூட்டுப்பட்டன. அங்கே யாரிடம் போய்க் கேட்பது? கிளைக்கடையில் சாப்பாடு பிழை என்றால் புதுசாக ஒன்று மாற்றித் தருவார்கள், அதில் அவர்கள் சரி, மனேஜர் சிரித்த முகத்தோடு மன்னிப்பும் கேட்பார். ஆனால் உப்பைக் குறைக்கச் சொன்னால் அவர் கையில் அது இல்லை.

ஊர்க்கடையில் முதலாளி காசு மேசையில் இருப்பார். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போடாதீர்கள், கை கழுவிவிட்டுக் காசு கொடுக்கிற நேரம் மெல்லச் சொல்லுங்கள். அந்த இரண்டாந்தரம் ஆவியில் எழுப்பிய இடியப்பத்தை எனக்கு வைத்த அன்று நான் அப்படித்தான் சொன்னேன். “முதலாளி, இது காலமை நான் தந்தது. ராத்திரிக்கு வேணுமெண்டால் சொல்லுங்கோ, பின்னேரம் ஒரு ஐம்பது அவிச்சுத் தாறன்” என்றேன். அவர் வாயில் வெற்றிலையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். காசு வாங்கவில்லை. அடுத்த நாளிலிருந்து பின்னேரத்துக்கும் ஐம்பது எடுக்கிறார்.

போகும்போது கூப்பிட்டுச் சொன்னதுதான் எனக்குச் சுட்டது. “அக்கா, நீங்களும் நூறு எண்டு தாற பெட்டியில போன கிழமை ரெண்டு தரம் தொண்ணூற்றாறு இருந்தது.” எண்ணுவது என் சின்னவள், பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில். இப்போது நானே எண்ணுகிறேன், நூறுக்கு நூற்றிரண்டு வைத்து.